சாவி இல்லாமல் எரிந்த பல்பு

அன்புள்ள லிஸார்தோவுக்கு,

மெல்வா எழுதுவது. தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். எதிர்வீட்டு என்மாவின் மகன் வியாழக்கிழமை நீங்கள் இருக்கும் ஸ்பெயினுக்கே வேலைக்குக் கிளம்புகிறான். இந்தக் கடிதத்தையும் ஒரு பொட்டலத்தையும் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். பொட்டலத்தில் இருக்கும் காபித்தூள் நம் மரத்துக் கொட்டையில் அரைத்தது.

நம் மகள் யாதிராவுக்கு மாதம் நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை கடற்கரைப் பக்கம் இறால் பண்ணையில் இருக்கிறார், பிரசவத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்கிறார், நம்புவோம். மழையில் பாதை கரைந்து கிடக்கிறது, ஆம்புலன்ஸ் நம் மேட்டுக்கு ஏறாது. வலி வந்தால் உங்கள் பழைய பிக்கப் வண்டிதான் கதி. அதுவோ மழையில் ஓட்டாமல் நின்றதிலிருந்து, மூன்று வாரமாகக் காலை வாரிவிடுகிறது.

சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நீங்கள் போனில், "நீ ஹெட்லைட்டை அணைக்காம விட்டிருப்பே, வேறென்ன" என்றீர்கள். அணைத்திருந்தேன். பேட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சையை வெந்நீர் ஊற்றிச் சுரண்டினேன், பலனில்லை. மெக்கானிக் செர்வியோ வந்து பார்த்து, "பேட்டரி செத்துப்போச்சும்மா, அடக்கம் பண்ணிட்டுப் புதுசு வாங்குங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். புதுசு வாங்கினோம். சில நாள் ஓட்டாமல் நிறுத்தியதும் அதுவும் செத்தது. யாதிரா இடுப்பைப் பிடித்தாலே நான் வாசலுக்கு ஓடுகிறேன்.

கடைசியில் அவள்தான் முக்காலியைப் போட்டு, வயிற்றைத் தூக்கிக்கொண்டு வண்டி முன்னால் உட்கார்ந்தாள். லோஹா நகரத்தில் வண்டி உதிரிபாகக் கடையில் வேலை பார்த்தவள் அல்லவா! "ரெண்டு பேட்டரி ஒரே மாதிரி சாகாதும்மா. எதுவோ கரண்டை உறிஞ்சுது" என்றாள். மைனஸ் கம்பியைக் கழற்றி, கம்பிக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே ஒரு குட்டி பல்பை வைத்தாள். கதவு மூடியிருக்கிறது, ரேடியோ அணைந்திருக்கிறது, சாவி என் இடுப்பில் இருக்கிறது. பல்பு மங்கலாக எரிந்தது!

ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். பல்பு அணையவில்லை. அப்படியானால் ஃபியூஸ் பெட்டிக்கே வராமல் பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர் போகிறது என்றாள். அதை விரலால் தடவிக்கொண்டே போனேன். சீட்டுக்குப் பின்னால், துணிக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. பிடுங்கியதும் பல்பு அணைந்தது.

யாதிரா அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, "வண்டி எங்க போகுதுன்னு போனுக்குச் சொல்ற பொட்டிம்மா இது. திருடனுக்காக வச்சிருப்பாரு அப்பா" என்றாள். உங்கள் மகள் உங்களை விட்டுக்கொடுக்கவே மாட்டாள். திருடனுக்கு என்றால் என்னிடம் சொல்லியிருப்பீர்களே. போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நாள் முழுக்க சீட்டுக்குப் பின்னால் குனிந்து கிடந்தீர்கள், ஸ்பீக்கர் மாட்டுவதாகச் சொன்னீர்கள். இன்றுவரை அந்த ஸ்பீக்கர் பாடவில்லை.

"செவ்வாய்க்கிழமை கதமாயோவுக்கு எதுக்குப் போனே? உன் தங்கச்சி வீட்டுல அவ்வளவு நேரம் என்ன பேச்சு?" என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், என்மாதான் கோள் சொல்கிறாள் என்று நினைத்தேன். மாதக்கணக்கில் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நேற்று போய் மன்னிப்புக் கேட்டேன். காரணம் கேட்டாள், பேச்சை மாற்றிவிட்டேன்.

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். நீங்கள் அங்கே எந்தத் தெருவில் நடக்கிறீர்கள், யாரோடு சாப்பிடுகிறீர்கள் என்று இத்தனை வருஷத்தில் எனக்கும் அரித்ததுண்டு. அப்போதெல்லாம் உங்களைத்தான் கேட்டேன். நீங்கள் சொன்னதை நம்பினேன்.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றியதும் வண்டி இப்போது ஒரே திருகில் எடுக்கிறது. ஆனாலும் மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை, கோழிக்குத் தீனி போடும்போதுகூடச் சாவியைத் தொட்டுப் பார்க்கிறேன். அந்தப் பெட்டியைத் துணியில் சுற்றி, இந்தப் பொட்டலத்தில் வெல்லக்கட்டிகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். உங்கள் பொருள், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

குளிரில் இருமலோடு வேலைக்குப் போகாதீர்கள். சிஸ்னே மாதா உங்களுக்கு நல்ல உடம்பைக் கொடுக்கட்டும். நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்கும் போகலாம், தங்கச்சி ரொசாவுரா வீட்டுக்கும் போகலாம். இனி உங்கள் போன் அதைச் சொல்லாது. என்னைக் கேளுங்கள், லிஸார்தோ. கேட்டால் சொல்வேன்.

உங்கள் மனைவி,
மெல்வா