ஜாம் பாட்டிலில் வந்தவனுக்கு

எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் இந்தப் பாட்டிலில் ஆப்ரிகாட் ஜாம் வாசனை போகமாட்டேன் என்கிறது. செத்தும் பவுசு காட்டாமல் விடமாட்டாய் போலிருக்கிறது. ஊரில் எல்லோரும் சாம்பலாகிக் கலயத்தில் வருவார்கள். துரை ஜாம் பாட்டிலில் வந்தீர்கள்.

விருத்தாசலத்தில் என்னோடு பீங்கான் படிப்புப் படித்துவிட்டு ஆஸ்திரியாவுக்கு வேலைக்குப் போனவன் நீ. டான்யூப் ஆற்றங்கரையில் கையகலத்துக்கு ஒரு கிராமம். லீவில் வரும்போதெல்லாம் என் பட்டறையில் உட்கார்ந்து டீயைக் குடித்துக்கொண்டு, "எங்க ஊரு, எங்க ஊரு" என்று அதைத்தான் சொல்வாய். பிறந்த ஊர் உனக்கு அதற்குள் அடுத்தவன் ஊராகிவிட்டது.

அந்தக் கிராமத்தின் வரலாறு எனக்கு மனப்பாடம். ரோமாபுரிச் சிப்பாய்கள் காவல் இருந்த இடமாம். உப்புப் படகுகளைக் கரையிலிருந்து குதிரைகள் கயிறு கட்டி இழுத்துப் போகுமாம். மலைமேல் கோட்டை கட்டியிருந்த பிரபு, ஆற்றுக்குக் குறுக்கே சங்கிலி போட்டுப் படகுகளை மறித்துப் பிடுங்கித் தின்பானாம். நம் பக்கத்தில் அதற்குப் பெயர் வழிப்பறி. அங்கே டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள்.

"வெள்ளம் வந்தா எவ்ளோ ஒசரம் வந்துதுன்னு சுவத்துல கோடு போட்டு வருஷம் எழுதுவாங்கடா. ஆத்துமேல அவ்ளோ மரியாதை. நம்மாளுங்களுக்கு என்னா தெரியும்?" என்றாய். எங்களுக்கு வெள்ளம் வந்தால் அரிசி மூட்டையைத் தூக்கவே கை போதாது. கோடு போட எவனுக்கு நேரம் இருக்கிறது? மணிமுத்தாற்றுப் பாலத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த பெரிய மனிதன் நீ. உன் அம்மாவை அதே ஆற்றில் கரைத்தபோது செல்போனில் பார்த்தாய். தூ!

உன் தங்கைக்கு மட்டும் உன்மேல் சலிப்பே வரவில்லை. மணிமுத்தாற்றில் விட்ட எலும்பு கல்லாகி அடியில் தங்கிவிடும் என்பது நம் ஊர் நம்பிக்கை. நீ அங்கேயே செத்துப்போன சேதி வந்ததும், "எங்கண்ணன் அம்மாகூட கல்லா கெடக்கணும்ண்ணே" என்று என்னிடம் அழுதாள். உன் வெள்ளைக்காரப் பெண்டாட்டியிடம் அரைகுறை இங்கிலீஷில் போனில் கெஞ்சினாள். அவள் நல்லவள். சாம்பலில் ஒரு பங்கை ஜாம் பாட்டிலில் போட்டு, நீ வழக்கமாக மண்ணும் எலும்புச் சாம்பலும் சாம்பிள் அனுப்பும் என் பட்டறை விலாசத்துக்கே அனுப்பிவிட்டாள். மூடிமேல் அவள் பாஷையில் என்னவோ எழுதியிருந்தது.

பார்சல் வந்தபோது நான் வெளியே போயிருந்தேன். வெள்ளைப் பீங்கானுக்கு மண்ணோடு எலும்புச் சாம்பல் சேர்ப்பது தொழில் வழக்கம். மண் பிசையும் மல்லிகாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"அண்ணே, சாம்பிளு வந்துது. பரும்பருமா இருந்துதுன்னு அரைச்சு மண்ணுல போட்டுப் பெசஞ்சிட்டேன்" என்றாள்.

காலிப் பாட்டிலைப் பார்த்ததும் அது நீதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் "ஐயோ சாமி, மனுஷனா இது!" என்று கையை உதறிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள்.

மறுநாள் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் உன் தங்கை வந்து இறங்கினாள். மென்று விழுங்கித்தான் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், பிசைந்த மண் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆத்துலதான் தண்ணியே இல்லியேண்ணே, அது எங்க கல்லாவும்? ஒங்க சூளையிலயே வச்சு கல்லா சுட்டுக் குடுங்க."

அவளே மண்ணைக் கிள்ளிக் கிள்ளிக் கூழாங்கல் மாதிரி உருட்டினாள். மல்லிகாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட உட்கார்ந்தாள். அகல் விளக்குகளோடு சேர்த்து உன்னை வேகவைத்தோம். ஆறியதும் உன் தங்கை முந்தானையில் கட்டிக்கொண்டுபோய், பாலத்துக்குக் கீழே தேங்கிய குட்டையில் விட்டாள். கடைசியாக ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"ஒண்ணு நீங்க வச்சுக்குங்கண்ணே."

"எனக்கெதுக்கும்மா இந்தப் பீத்தல் பேர்வழி? அதையும் விடு" என்றேன். விட்டாள்.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு நான் மறுபடி குட்டையில் இறங்கினேன். எல்லாவற்றிலும் சேறு ஒட்டிக் கிடந்தது. எது நீ, எது ஆற்றுக் கல் என்று தெரியவில்லை. கைக்கு அகப்பட்ட ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நீயாக இல்லாவிட்டாலும் போகட்டும். திட்டுவதற்கு எனக்கு நீ வேண்டும்டா.