வயிற்றில் ஒரு வழி, காலையில் ஒரு டீ

நைனா,

இன்று காலை உன் டூல்ஸ் பையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். ஜிப்பைத் திறந்ததுமே அந்த வாசனை வந்தது. பைப் ஒட்டுகிற சொல்யூஷனும் துருப்பிடித்த ரெஞ்சும் கலந்த உன் வாசனை. ஏணியிலிருந்து விழுந்ததற்கு அப்புறம் நீ அந்தப் பையோடு ஒரு வேலைக்கும் போகவில்லை. வாசனை மட்டும் போகாமல் இருக்கிறது. ரெஞ்சுக்குப் பக்கத்தில், நீ வயிற்றில் ஒட்டிக்கொள்கிற பைகள் ஒரு பெட்டி, பிரிக்காமல் அப்படியே இருந்தன. "வேலை சாமான்லாம் ஒரே எடத்துல இருக்கணும்" என்று நீதான் அங்கே வைத்தாய்.

நேற்று ஆஸ்பத்திரி சிஸ்டர் போன் செய்திருந்தார். மயிலாப்பூரில் ஒருவருக்கு உன்னைப் போலவே முதுகுத்தண்டில் அடி. ஆபரேஷன் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று முடிவு பண்ண முடியாமல் இருக்கிறாராம். "மிச்சம் இருக்கற பையை அவங்ககிட்ட குடுத்துட்டு, ரெண்டு வார்த்தை பேசிட்டு வாம்மா" என்றார். பை கொடுப்பது எனக்குக் கஷ்டமில்லை. அந்த ரெண்டு வார்த்தைதான் கஷ்டம். உனக்குத்தான் தெரியுமே.

நீ விழுந்தபோது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். வேளச்சேரியில் ஒரு அப்பார்ட்மென்ட், மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறும் இரும்பு ஏணி சுவரோடு பெயர்ந்து வந்துவிட்டது. மார்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கை இரண்டும் பழையபடி இருந்தன. அம்மா வீட்டு வேலைக்குப் போயாக வேண்டும், உன்னைப் புரட்டிப் படுக்க வைக்க வீட்டில் ஆள் வேண்டும். என் படிப்பு நின்றதற்கு எல்லோரும் வருத்தப்பட்டார்கள். எனக்குப் பாதி வருத்தம்தான். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்லக்கூட எனக்கு வாய் வராது. உன் கட்டிலுக்குப் பின்னால் நின்றுகொண்டால் யாரும் என்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் உன் காலைத்தான் பார்த்தார்கள். நடக்க முடியவில்லையே என்றுதான் உச்சுக்கொட்டினார்கள். அது நமக்குப் பழகிப்போயிருந்தது. பழகாமலே இருந்தது விடியற்பொழுதுதான். உனக்கு மலம் தானாக வராது. வந்தால் நிற்காது. நம் ஹவுசிங் போர்டு வீட்டுக் கக்கூஸ் கதவுக்குள் வீல்சேர் நுழையாது. அதனால் கட்டிலிலேயே உன்னை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, பிளாஸ்டிக் ஷீட் விரித்து, அம்மா கையுறை போட்டுக்கொண்டு எடுப்பாள். சில நாள் சீக்கிரம் முடியும். சில நாள் வெயில் அடுப்பு வரைக்கும் வந்துவிடும். அம்மா தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு வேலைக்கு ஓடுவாள், போகிற வீட்டில் திட்டு வாங்குவாள். அவசரமாக முடித்த நாளில் மத்தியானம் படுக்கையிலேயே போய்விடும். உட்காருகிற இடத்தில் இருந்த புண் ஆறவே இல்லை.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு டீ. சூடாக டீ உள்ளே போனால் குடல் அசையும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். எழுந்ததும் டீ, அரை மணி நேரம் காத்திருப்பு, அப்புறம் ஆரம்பம். மற்ற நேரத்தில் டீ கிடையாது. படுக்கையில் போய்விடுமோ என்று பயந்து, யாராவது கொடுத்தாலும் வேண்டாம் என்பாய். தெருமுனையில் பாயின் டீக்கடை இருக்கிறது. பிளம்பர், கொத்தனார், பெயின்டர் எல்லாரும் விடிந்ததும் அங்கேதான் நிற்பார்கள். வேலைக்கு ஆள் தேடுகிறவர்களும் அங்கேதான் வருவார்கள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே, ஏணியிலிருந்து விழுகிற வரை, உன் காலைப்பொழுது அந்தக் கடையில். அவர்கள் சிரிப்பது நம் ஜன்னலுக்குக் கேட்கும். அந்த நேரத்தில் நீ சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாய்.

ஆபரேஷன் பற்றி டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். கொலாஸ்டமி என்று பெயர். பெருங்குடலை வயிற்றின் இடது பக்கமாக வெளியே கொண்டு வந்து ஒரு வாய் வைத்துவிடுவார்கள். மலம் அங்கே ஒட்டியிருக்கும் பையில் விழும். புண்ணும் ஆறும் என்றார். நீ கேட்கவே இல்லை. "பின்னாடி கீற அசிங்கம் போதாதுன்னு முன்னாடி வேற தொங்க வுட்டுக்கினு திரியணுமா?" என்றாய்.

அப்புறம் அம்மாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. விரல் மூட்டெல்லாம் வீங்கி, டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை அவளுக்கு. "இன்னிக்கி வாணாம், நாளைக்கி பாத்துக்கலாம்" என்றாய். மறுநாளும் அதையே சொன்னாய். அன்று மத்தியானம் உனக்குத் தலை வெடிக்கிற மாதிரி வலி. முகம் சிவந்து, நெற்றியிலிருந்து வியர்வை ஊற்றியது. மலம் தங்கி இப்படி வந்தால் உடனே எடுத்தாக வேண்டும், காத்திருக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா பாயில் படுத்தபடியே, "பாப்பா, க்ளவுஸ் எடுடி. நான் சொல்றேன், நீ பண்ணு" என்றாள்.

பண்ணினேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு தடவைதான் பேசினாய். "பாப்பா, ரேடியோ போட்டு வுடு." கையுறையைக் கழற்றிவிட்டுப் போய் ரேடியோ போட்டேன், வேறு கையுறை மாட்டிக்கொண்டு வந்தேன். தலைவலி இறங்கியது. அன்றைக்கு அதற்கப்புறம் நீ யாரோடும் பேசவில்லை. எனக்கு அருவருப்பாக இல்லை நைனா. அதைச் சொல்லத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை.

அம்மாவுக்கு விரல் மறுபடி மடங்க ஆரம்பித்தபோது நீயே, "ஆஸ்பத்திரிக்கு போலாம். அந்த ஆபரேஷன கேட்டுக்கினு வரலாம்" என்றாய். அம்மா சண்டைக்கு வந்தாள்.

"இன்னாயா, நான் செத்துட்டனா? கை வலி போச்சி இல்ல? குடல அறுத்துக்கினு வரப் போறியா?"

"உனக்கு கஷ்டம்னு இல்லமே."

"பின்ன? இத்தினி வருஷம் எடுத்த கைதானே இது. இப்ப அசிங்கமாயிடுச்சா?"

நீ அவள் கையைப் பிடித்து, வீங்கிய விரல் ஒவ்வொன்றாக நீவிவிட்டாய். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு, "எதுனா ஆவட்டும், நானும் கூட வருவேன்" என்றாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவும் என்னால்தான் என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மகள் கை பட்டதைத் தாங்க முடியாமல்தான் வயிற்றை அறுத்துக்கொள்ளப் போகிறாய் என்று.

சிஸ்டர் உன்னை வீல்சேரில் உட்கார வைத்துத்தான் வயிற்றில் இடம் குறித்தார். படுத்தபடி குறித்தால், உட்காரும்போது மடிப்புக்குள் போய்விடும், உன் கண்ணுக்குத் தெரியாது என்றார். அப்புறம் ஒரு பையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அந்த இடத்தில் ஒட்டி, "வீட்டுக்குப் போய் இதோட இருந்து பாருங்க. பிடிக்குதான்னு தெரியும்" என்றார். உன் முகத்தில் வெளிச்சம் வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"லீக் டெஸ்ட்டா சிஸ்டர்? நாங்களும் அப்பிடித்தான். செவுத்த மூடறதுக்கு முன்னாடி லைன்ல தண்ணி வுட்டு ஒரு ராத்திரி வெச்சி பாப்போம்."

"அப்ப நான் சொல்லித்தர வேண்டியதே இல்ல. நீங்களே மாட்டிக்கலாம்."

"மாட்டிப்பேன். எவ்ளோ மேல்மாடிக்கு பைப் லைன் இஸ்திருக்கேன். இது பக்கத்துல தானே கீது."

வீட்டுக்கு வந்து என்னிடம் உன்னைப் புரட்டச் சொன்னாய், முன்னால் சாய்க்கச் சொன்னாய், சேரைக் குலுக்கச் சொன்னாய். அம்மா, "வயித்துல மீன் வளக்கறியாயா?" என்றாள். மறுநாள் பை அப்படியே இருந்தது. "ஒரு சொட்டு இல்ல. செவுத்த மூடிடலாம்" என்றாய். அதுதான் உன் முடிவு. அதற்கப்புறம் நீ தடுமாறவில்லை.

ஆபரேஷன் முடிந்து வந்து புண்ணெல்லாம் கொஞ்சம் காய்ந்ததும், ஒரு நாள் விடியற்காலையில் "சேர தள்ளு பாப்பா, பாய் கடைக்கு" என்றாய். பை கழன்றுவிடக் கூடாது என்று அதன் மேல் உன் பச்சை லுங்கி பெல்ட்டை இறுக்கிக் கட்டியிருந்தாய். "பைப்புக்கு கிளாம்ப் போட்டாதான் நிக்கும்" என்றாய். பெல்ட் கட்டும்படி சிஸ்டர் சொல்லவில்லை. கடையில் கொத்தனார்கள் எழுந்து வந்து உன் தோளில் தட்டினார்கள். நான் சேருக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். நீ பாதி டீ குடித்திருப்பாய். வாடை வந்தது. உன் சட்டையின் ஓரத்தில் ஈரம் படர்ந்தது. பெல்ட் அழுத்தியதில் உள்ளே இருந்த காற்றுக்கும் மலத்துக்கும் போக இடமில்லாமல், ஒட்டிய விளிம்பைப் பிரித்துக்கொண்டு வந்துவிட்டது. எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

பாய்தான் தோளில் இருந்த துண்டை எடுத்து உன் மடியில் போட்டார். "இன்னா மேஸ்திரி, லைன்ல லீக்கா?"

நீ துண்டை வயிற்றில் அழுத்திக்கொண்டு, "வென்ட் வெக்காம மூடிட்டேன் பாய். காத்து எங்க போவும்? நேத்து வேலைக்கு வந்தவன்கூட இத பண்ண மாட்டான்" என்றாய்.

"இத்தினி வருஷம் எங்கள இன்னா திட்டு திட்டின!" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார். முதலில் சிரித்தது நீதான். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்தோம். கண்ணாடியை மடியில் சாய்த்து வைத்து, நீயே துடைத்து, நீயே புதுப் பை ஒட்டினாய். என்னைத் தண்ணீர் மட்டும் எடுத்து வரச் சொன்னாய். பெல்ட்டைச் சுருட்டி, டூல்ஸ் பையில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாய். "இன்னா நிக்கற? தள்ளு. டீ பாதி கீது அங்க."

திரும்பிப் போகிற வழியில்தான் கேட்டேன். உன் முகம் எனக்குத் தெரியாது, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தேன். அதனால்தான் வாய் வந்தது.

"நைனா, அன்னிக்கி நான் பண்ணேனே, அதுக்கோசரமா ஆபரேஷன் பண்ணிக்கின?"

ஒரு ஆட்டோ போகட்டும் என்று சேர் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாய்.

"உனக்கோசரமா? நீ நல்லாத்தான் பண்ண. டீக்கோசரம் பண்ணிக்கினேன் பாப்பா. டீய மாத்திரை கணக்கா முழுங்கிட்டு செவுத்த பாத்துக்கினு கெடக்கறது ஒரு பொழப்பா? எனக்கு டீய டீயா குடிக்கணும்."

என் மனசு கஷ்டப்படக் கூடாது என்று சொல்கிறாய் என நினைத்தேன். கடையில் பாய் அந்தப் பாதி டீயைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். நீ கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் உறிஞ்சினாய். அந்த முகத்தைப் பார்த்ததும் நம்பிவிட்டேன்.

அதற்கப்புறம் ரெண்டு வருஷம் போல தினமும் அந்தக் கடை. புண் ஆறியது. அம்மா நேரத்துக்கு வேலைக்குப் போனாள், உன்னோடு சண்டை போட அவளுக்குச் சாயங்காலம் தெம்பு இருந்தது. எல்லாம் சுலபமாகிவிடவில்லை. பின்பக்கம் சளி மாதிரி எப்போதாவது வரும், பை நடுத்தெருவில் சத்தம் போடும். நீ "ஹாரன்" என்பாய். போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் கிட்னியில் இறங்கி உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதற்கும் வயிற்றுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். அம்மா அதை ரெண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

இன்று மயிலாப்பூருக்குத் தனியாகப் போனேன். ஒரு அக்கா கதவைத் திறந்தாங்க. அவங்க வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அப்படிப் படுப்பது என்னவென்று எனக்குத் தெரியும். பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். காற்று போகப் பையின் மேல் ஓரத்தைக் கொஞ்சம் திறந்து விடணும், மேலே எதையும் இறுக்கிக் கட்டக் கூடாது என்று அக்காவிடம் சொன்னேன். அவ்வளவுதான் வந்தது. எழுந்துவிட்டேன்.

அவர் திரும்பாமலே பேசினார். "எல்லாரும் இவளுக்காகப் பண்ணிக்கோன்றாங்க. எனக்கு அதுதாம்மா கஷ்டமா இருக்கு. உங்கப்பா யாருக்காகப் பண்ணிக்கிட்டாரு?"

டூல்ஸ் பையின் பிடியை இறுக்கிக்கொண்டேன். அந்த அக்கா என்னையே பார்த்தாங்க.

"எங்க நைனா டீக்காக பண்ணிக்கினாரு சார்."

"எதுக்காக?"

"டீ. காலைல கடைல போய் குடிக்கறதுக்கு."

அவர் கட்டில் கம்பியைப் பிடித்து மெதுவாகத் தலையைத் திருப்பினார். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன் நைனா. பெல்ட், லீக், ஹாரன், எல்லாம். அவர் சிரித்தார். என்ன முடிவு பண்ணுவார் என்று தெரியாது. கிளம்பும்போது அந்த அக்காவிடம், "நான் கடைசியா கடற்கரைக்கு எப்பப் போனேன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வரும்போது பையில் ரெஞ்சும் உன் பச்சை பெல்ட்டும் மட்டும்தான். அவற்றை நான் யாருக்கும் தருவதாக இல்லை. பாய் கடையைத் தாண்டித்தான் வர வேண்டும். நீ போனதிலிருந்து எதிர்ப்பக்கமாகத் தலைகுனிந்து போய்விடுவேன். இன்று கடை முன்னால் நின்றேன்.

"ஒரு டீ" என்றேன்.

"இன்னா பாப்பா? காதுல வுழல."

"ஒரு டீ, பாய்!"

கொத்தனார் ஒருவர் திரும்பிப் பார்த்து, தள்ளி நின்று எனக்கு இடம் விட்டார். உன் சேர் நிற்கிற இடம்தான் அது. பையைக் காலடியில் வைத்தேன். கிளாஸ் சுட்டது. ஊதி ஊதி, டீயை டீயாகவே குடித்தேன்.