திரையில் பேசிய குரல்

நம் பெரியவளின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டி வலி குறைந்ததா? இது முழுக்க என் கையெழுத்து, யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை!

எங்கள் ஆலையின் பாய்லர் அறையில், பாய்லரைக் கண்காணிக்கப் புதிதாகக் கம்ப்யூட்டர் திரை வைத்தார்கள். விண்வெளிப் படத்தில் வருவதுபோல் கருப்புத் திரையில் நீல வளையங்கள் சுழலும். ஒரு பெண்குரல் அடிக்கடி, "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்லும். ஒருநாள் நானும், "சரிம்மா, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டேன்.

பின்னால் நின்ற ஃபிட்டர், "பெருசு, வீட்ல சொல்லிடவா?" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

திரையை வடிவமைத்த பெண் போன வாரம் வந்து, எதை எடுத்துவிடலாம் என்று கேட்டாள்.

"வளையத்தை எடுத்துடும்மா. குரல் மட்டும் இருக்கட்டும்."

"சும்மா சும்மா பேசினா, நிஜமாவே ஆபத்துன்னு சொல்றப்ப யாரும் காதுல வாங்க மாட்டாங்க ஐயா."

நியாயம்தான். இனி ஆபத்து என்றால் மட்டும் பேசுமாம். மாற்றியதிலிருந்து வாயே திறக்கவில்லை. நல்லதுதானே?

பேத்தியின் போனில் உன் குரலைப் பதிந்து அனுப்பச் சொல். சாப்பாட்டு நேரத்தில் போட்டுக் கேட்பேன். என்ன பேசுவதென்று யோசிக்காதே, என்னைத் திட்டு. கொஞ்சம் நீளமாகவே திட்டு.

வேலைக்கு வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது.

உன் வீட்டுக்காரன்