இடுப்பு வலிக்கு என் கால் வராது

அன்புள்ள அண்ணி,

தெருவில் யாரோ நொச்சித் தழை வேக வைக்கிறார்கள். அந்த வாசனை வந்ததும் நீங்கள் படுத்திருந்த அறைதான் கண்முன் நிற்கிறது. ஆனாலும் பிள்ளைகளின் சேதியை முதலில் சொல்லாவிட்டால் உங்களுக்குப் பிடிக்காது. என் பெரிய பேரன் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, சைதாப்பேட்டை கோர்ட்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்துவிட்டான். அவன் தங்கை வாத்தியார் வேலைக்குப் படிக்கிறாள். கடைக்குட்டி பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறான். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இதைவிட என்ன வேண்டும்? உங்கள் மகள் நடக்கிறாள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இன்று காலையில் எதிர்வீட்டுக்காரர் நம் வாசலில் வந்து குப்புறப் படுத்துக்கொண்டார். "ஆயா, இடுப்பு புடிச்சிக்கிச்சு. மூணு தபா காலால நீவி வுடு."

"ஒண்ணுக்கு சரியா போவுதா? குந்துற எடத்துல உணர்ச்சி கீதா?"

"இன்னா ஆயா, காலங்காத்தால இன்னா கேள்வி இது?"

"சொன்னா எழுந்து போலாம். இல்லன்னா அப்படியே கெட."

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மூட்டை தூக்கிய வலி. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன். "காலால பொறந்தவளுக்குக் கர்வத்தப் பாரு" என்று முனகிக்கொண்டே போனார். கர்வம்தான். இருக்கட்டும்.

ஒரு காலத்தில் இந்தக் காலுக்காகத்தான் அண்ணி நான் கர்வப்பட்டேன். தாய் வயிற்றிலிருந்து கால் முன்னே வந்து பிறந்தவள், இவள் கால் பட்டால் பிடிப்பு விடும் என்று மயிலாப்பூரில் எத்தனை பேர் தேடி வந்தார்கள். பாதி பேருக்குத் தானாக விட்டது. பெயர் எனக்கு வந்தது.

ஜப்பான்காரன் சண்டைக் காலத்தில் தண்ணீர்த் தவலையைத் தூக்கி நீங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டபோதும் என்னைத்தான் கூப்பிட்டீர்கள். மூன்று நாள் நீவினேன். இரண்டாம் நாள் சொன்னீர்கள்: "வலி கொஞ்சம் கம்மிதாண்டி. ஆனா குந்துற எடமே தெரியல, மரக்கட்ட மாதிரி கீது. நேத்துலேர்ந்து ஒண்ணுக்கும் வரல."

"நரம்பு எறங்குது அண்ணி, நல்லதுக்குத்தான். தண்ணி குடிச்சாதானே ஒண்ணுக்கு வரும்" என்று சிரித்தேன். மரத்துப்போனதை என் கால் தந்த குணம் என்று நம்பினேன். நீங்களும் அண்ணனிடம் சொல்லவில்லை. ஆம்பிளையிடம் அதைச் சொல்வதாவது. மூன்றாம் நாள் கால் இரண்டும் நிற்கவில்லை. கீழ்வயிறு பானைபோல் உப்பியிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் அந்த லேடி டாக்டர் என்னைத் திட்டவில்லை. "உட்காரும் இடம் மரத்துப்போய், சிறுநீர் கட்டிக்கொண்டால் அது குணம் இல்லை, அம்மா. நரம்பு நசுங்குகிறது. அப்போதே கிளம்பி வந்திருக்க வேண்டும்" என்றார். திட்டியிருக்கலாம்.

எட்டு மாதம் படுக்கையில் கிடந்தீர்கள். புண்ணைத் துடைக்கும்போது நான் அழுதால், "ஒன் ஒதையாலதான் நான் மகாராணி மாதிரி படுத்துக்கினு கீறேன், எதுக்கு அழுவுற?" என்பீர்கள். ஒரு நாள் மட்டும் சிரிக்காமல் சொன்னீர்கள்: "நான் வாயத் தொறந்து கேக்காம வுட்டேன். நீ கேளு. எல்லாரையும் கேளு."

கேட்கிறேன் அண்ணி. கோயிலில் கேட்கிறேன், குழாயடியில் கேட்கிறேன். ஆயாவுக்கு வெட்கம் கெட்டுப்போச்சு என்கிறார்கள். போகட்டும்.

போன பங்குனியில் உங்கள் மகள் குனிந்து வீடு மெழுகும்போது இடுப்பு வெட்டியது. அத்தையின் கால்தான் வேண்டும் என்று மாப்பிள்ளை வண்டி அனுப்பினார். அண்ணனும் நானும் போனோம். நான் காலைத் தூக்கவில்லை. அத்தனை ஆம்பிளைகள் முன்னாலும் அவளைக் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "காத்தாலேர்ந்து வரல, அத்த. கீழ ஒண்ணும் தெரியல. இந்தக் கால் இழுக்குது."

"வண்டிய அவுக்காதே, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்று வண்டிக்காரனிடம் சொன்னேன்.

அண்ணன் வாசலை மறித்தார். "ஆம்பிளைங்க எதிர்ல பொம்பள பேசற பேச்சா இது? நாலு நாள் படுத்தா சரியாப்பூடும். முதுவுல கத்தி வச்சா முடமாயிடுவா."

"அண்ணி இந்தப் பேச்சப் பேசாமதான் செத்தாங்க. வழிய வுடுண்ணே, இல்லன்னா ஒன்னத் தாண்டிக்கினு போவேன்."

பிறந்ததிலிருந்து அவரை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. விலகினார். நேராக ஆஸ்பத்திரி; விளக்கு வைப்பதற்குள் முதுகைத் திறந்து நரம்பை விடுவித்துவிட்டார்கள். முதலில் சிறுநீர் வந்தது. பிறகு கால் வந்தது. இன்றைக்குக் கம்பு ஊன்றித் தெருமுனை வரை போகிறாள்.

என் கால் இனி நடக்க மட்டும்தான் அண்ணி. உங்கள் கேள்விகள்தான் வாயில் இருக்கின்றன. சுவரில் இருக்கும் உங்கள் படம் தலையணை வைத்துச் சாய்த்து எடுத்தது. அதன் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து வைத்திருக்கிறேன். உங்கள் மகளுக்கும் இன்றே கடுதாசி போட்டாயிற்று: "ஸ்டுடியோவில் நாற்காலி போடுவான். உட்காராதே. கம்பைக் கீழே வைத்துவிட்டு, நின்று ஒரு புதுப் படம் எடுத்து, உடனே தபாலில் அனுப்பு."