தேசிக்காயும் மொட்டை ரயரும்

ஹம், ஜெர்மனி
வியாழக்கிழமை

என் அன்பு மகள் தேனுஜாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இஞ்சை நானும் அப்பாவும் சுகம். கோவம் ஆறின பிறகாவது லைப்சிக்கிலை உன்ரை சுகத்தை அறியத் தா. நாலு நாளாய் நீ போன் எடுக்கிறாய் இல்லை. அதாலைதான் காகிதமும் பேனையும் எடுத்தனான்.

ஞாயிற்றுக்கிழமை நான் செய்தது பிழைதான். புதுக் கார் எடுத்தால் சில்லுக்குக் கீழை தேசிக்காய் வைக்கிறது எங்கடை வழக்கம். உன்ரை ரேஸ் காருக்கு மட்டும் ஏன் விடுவான் எண்டு, கார் ஓட்டம் தொடங்குற கோட்டுக்கு உருளேக்கை காவல் நிண்டவரைப் பேய்க்காட்டிப்போட்டு வைச்சிட்டன். சாறு தெறிச்சு, சில்லு வழுக்கி, ஓட்டத்தை நிப்பாட்டி உன்னை வெளியிலை அனுப்புவினம் எண்டு ஆர் கண்டது? எல்லாருக்கும் முன்னாலை என்னை இனி வரவேண்டாம் எண்டு நீ சொன்னதும் நியாயம்தான். எண்டாலும் நெஞ்சு நொந்து போச்சு.

பிறகு, உன்ரை காரைப் பூட்டிக் கழட்டுற ஜெசிக்காவுக்குப் போன் எடுத்து, ஒவ்வொரு சாமானுக்கும் ஏன் அந்தப் பேர் எண்டு கேட்டன். பாவம், பொறுமையாய்ச் சொன்னாள். தேய்ஞ்ச மொட்டை ரயரைப் பூட்டி என்ரை பிள்ளையைக் கொல்லப் பாக்கிறியோ எண்டு அண்டைக்கு அவளைத்தான் ஏசினனான். வெட்டில்லாமல் வழவழப்பாய் இருக்கிறதாலை அதுக்கு ஸ்லிக் எண்டு பேராம். முழு ரப்பரும் றோட்டைப் பிடிக்குமாம். மன்னிப்புக் கேட்டிட்டன். ஓட்டம் தொடங்கச் சைகை காட்டுற விளக்குக் கம்பத்தைக் கிறிஸ்மஸ் மரம் எண்டுறது கலர் கலராய் லைற் எரியிறதாலையாம். எங்கடை ஆக்கள் பேர் வைச்சிருந்தால் கோயில் சோடனை எண்டிருப்பினம்.

உன்ரை கார் மாதிரிக்குக் கவண் எண்டு பேர் வந்த கதையைத்தான் கேட்டிருக்கக் கூடாது. ஓட்டுற ஆள் பின் சில்லுக்கும் பின்னாலை, கவண் தோலுக்குள்ளை வைச்ச கல்லு மாதிரி இருக்கிறதாம். அதுக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்குதில்லை. அந்தக் கல்லு என்ரை பிள்ளையல்லோ. அப்பா சிரிக்கிறார். அவருக்கென்ன, பத்து மாதம் சுமந்தவரோ?

வாற ஞாயிறும் ஓடுறாயாம். ஓடு மகள், நான் தடுக்க மாட்டன். கூப்பிட்டால் வந்து வேலிக்கு வெளியிலை கையைக் கட்டிக்கொண்டு நிப்பன். கூப்பிடாட்டிலும் பரவாயில்லை. வெண்டனியோ தோத்தனியோ எண்டு சொல்லவும் வேண்டாம். கார் நிண்ட உடனை ஒருக்கால் போன் எடுத்து, அம்மா நிண்டிட்டன் எண்டு மட்டும் சொல்லு.

அம்பாள் உன்னோடை இருக்கட்டும். நான் போனுக்குப் பக்கத்திலை இருப்பன்.

உன் அம்மா
சுலோஜனா