காற்றுகளின் பெயர்கள்

பொத்தேரி,
வியாழன்

என்னங்க,

நேர்காணல் எப்படிப் போனது என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். போனில் சொல்ல வாய் வரவில்லை.

வேலையில் சேர்ந்தபோது வாங்கிவைத்த என் அசல் சான்றிதழ்கள் கல்லூரி அலமாரியில்தான் இருக்கின்றன. நேர்காணலுக்காக ஒரு நாளைக்கு மட்டும் தரும்படி கேட்டேன். துறைத்தலைவர் சிரித்தார். "அந்தக் காத்துப் பேரு கட்டுரையில எம்பேரு முதல்ல வரட்டும்மா. நானே வாங்கித் தரேன்."

மாமல்லபுரம் மீனவர்கள் காற்றுகளுக்குச் சொல்லும் பெயர்களைப் பற்றி, இரண்டு வருடம் அலைந்து நான் எழுதிய கட்டுரை. அவர் பெயரை முதலில் போட்டேன். நேர்காணலுக்கு முன்பே அப்படியே அச்சாகி வந்தது; சான்றிதழ்களும் கைக்கு வந்தன. உங்களிடம்கூடக் காட்டவில்லை.

நேர்காணலில் அதைத்தான் எடுத்தார்கள். "இது உங்க சார் எழுதினதாச்சே. நீங்க டைப் பண்ணிக் கொடுத்தீங்களா?"

கேட்டவர் எங்கள் துறைத்தலைவரின் நண்பர். "ஆமாம் சார்" என்றேன்.

மறுநாளே சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நேற்று மனம் கேட்காமல் மாமல்லபுரம் போனேன். காற்றுகளின் பெயர்களை எல்லாம் எனக்குச் சொன்ன தேசப்பனிடம் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். வலை பின்னுவதை விட்டுவிட்டுக் கேட்டார்.

"எல்லாம் கரீட்டா கீதும்மா. எம்பேரு எங்க கீது?"

கடைசிப் பக்கம் வரை புரட்டுவதுபோல் புரட்டினேன். அவர் பெயரை நான் எங்கேயும் எழுதவே இல்லை.

உங்கள் மனைவி