வாரத்துக்குப் பத்துச் சொல்

சித்தியவான் தோட்டம்
11.5.1980

அன்புள்ள வீரம்மாவுக்கு,

பத்துமலை எழுதுறது. இங்கே எல்லாம் நீ விட்டுட்டுப் போனபடியே இருக்கு. உங்க அக்கா வீட்ல படிக்க இடம் கொடுத்தாங்களா?

சொன்னபடி பத்து மலாய்ச் சொல் அனுப்பியிருக்கேன், தமிழ் அர்த்தத்தோட. தனியா எஸ்.பி.எம். பரீட்சை எழுதுறவங்க சரித்திரத்திலயும் பூகோளத்திலயும்தான் கோட்டை விடுறாங்க. சொல்லு தெரியாததுதான் காரணம். ஒவ்வொண்ணுக்கும் நீயே ஒரு வாக்கியம் எழுது, திருத்தித் தாரேன். ஐந்தாம் படிவம் படிச்சு முடிச்ச, ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி புருஷனால இதாவது ஆகட்டும்.

நவம்பர்ல பாஸானா தாதிப் பயிற்சி. பிறகு நம்ம தோட்டத்து ஆஸ்பத்திரிக்கே வந்துடலாம்லா.

பாப்பாவோட சட்டைகளை இன்னும் எடுத்து வைக்கலை.

பத்துமலை

ஈப்போ
18.5.1980

அன்புள்ள மச்சானுக்கு,

வீரம்மா. அத்தான் ரேடியோவ அலற விடுறாரு, காதுல பஞ்சு வச்சுக்கிட்டுப் படிக்கிறேன். நீங்க சட்டையத் துவைக்கிறீங்களா, இல்ல திருப்பிப் போட்டுக்கிறீங்களா?

மலாய் வாக்கியம் பின்பக்கம் இருக்கு. மூணுக்கு மட்டும் தமிழ் எழுதுறேன்.

மிக்ராசி, குடிபெயர்வு: தாத்தா கப்பல்ல வந்தாரு, நான் பஸ்ல வந்தேன்.

காடார் கெமாத்தியான், இறப்பு விகிதம்: எங்க வீட்ல ஒண்ணுக்கு ஒண்ணு.

கெமுடாஹான், வசதி: பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறினப்போ தோட்டத்துல லோரி நின்னுச்சு, கிராணி துரைகிட்ட போய்க் கேட்கலை.

தப்பு இருந்தா திருத்துங்க. எனக்கு இன்னும் அழுகை வரலை மச்சான். சோறு இறங்குது, தூக்கம் வருது. அதுதான் பயமா இருக்கு.

வீரம்மா

சித்தியவான் தோட்டம்
15.6.1980

அன்புள்ள வீரம்மாவுக்கு,

உடனே பதில் எழுத முடியலை. மலாய் சரியா இருக்கு. மூணாவதுலயும் தப்பில்லை. அன்னிக்கு ராத்திரி துரை வீட்ல விருந்தாளிங்க இருந்தாங்க, காய்ச்சல்தானே, விடியட்டும்னு இருந்துட்டேன். கேட்டிருக்கணும்.

செவ்வாய்க்கிழமை மக்கள் கணக்கெடுக்க ஒரு மலாய் வாத்தியார் வந்தாரு. வரிசை வீடுங்களுக்கு லயம் லயமா நான்தான் கூட்டிக்கிட்டுப் போய், அவர் கேட்டதை எல்லாருக்கும் தமிழ்ல சொன்னேன். நம்ம வாசல்ல வந்து, “இங்கே எத்தனை பேர்?”னு கேட்டாரு. மூணுன்னேன். பாப்பா, வயசு நாலுன்னு சொன்னேன். எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. பொய் சொல்றோம்னே அப்போ தோணலை.

இந்த வாரம் முதல் சொல் இசி ரூமா, வீட்டார். ஒரே கூரைக்கு அடியில, ஒரே பானையில சாப்பிடுறவங்கன்னு அந்த வாத்தியார் விளக்கினாரு.

பரீட்சை முடிஞ்சதும் வந்துடுவியா? அதை மட்டுமாவது எழுது.

பத்துமலை

ஈப்போ
22.6.1980

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கேயும் கணக்கெடுக்க வந்தாங்க. அக்கா அடுப்படியில இருந்தா, நான்தான் பதில் சொன்னேன். எத்தனை பிள்ளை பெத்தீங்க, ஒண்ணு. உயிரோட எத்தனை, இல்லை. என் குரல்கூட மாறலை. என் பேரை இந்த வீட்லதான் கொடுத்தேன்.

இசி ரூமாவுக்கு வாக்கியம்: நான் அக்கா வீட்டுப் பானையில் சாப்பிடுகிறேன்.

நீங்க ஆபீஸ்காரர், தப்புக் கணக்கு கொடுக்கலாமா? மாத்திடுங்க. உங்க மேல கோபம் இருந்தா திரும்பி வந்து சண்டை போட்டிருப்பேன். அதுவும் இல்லை.

சொற்களை நிறுத்திடாதீங்க. பரீட்சை எழுதுவேன்.

வீரம்மா

சித்தியவான் தோட்டம்
29.6.1980

வீரம்மாவுக்கு,

வாத்தியாரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். மூணை அடிச்சுட்டு ஒண்ணுன்னு எழுதினாரு. பக்கத்துல கையெழுத்துப் போட்டேன்.

பத்துச் சொல்லும் பின்பக்கம் இருக்கு. இனிமே வாக்கியம் எழுதி அனுப்ப வேணாம். அர்த்தம் தெரிஞ்சா போதும்.

பத்துமலை